வெயில் ஏற ஏற மீட்டர் எப்படி ஓடும்?

வெப்பநிலை உயர்வும் வீட்டு மின்தேவையும் என்ற பொருளில் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஒன்றையொன்று ஒத்திருந்தவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: உலகின் சராசரி வெப்பநிலை ஒன்றரை டிகிரி உயரும் என்று பயமுறுத்துகிறார்கள். காலைக்கும் மதியத்துக்கும் இடையிலேயே பத்து டிகிரி வேறுபாடு இருக்கும்போது, இந்த ஒன்றரை டிகிரியால் ஒரு வீட்டின் மின்செலவு அப்படி என்ன கூடிவிடப் போகிறது? – ஐயப்படும் வாசகர் ஒருவர்

பதில்: மின்மீட்டர் சராசரி வெப்பநிலையைப் பார்த்து ஓடுவதில்லை. வீட்டில் இருப்பவர் இனிப் பொறுக்க முடியாது என்று எழுந்து ஏசியை இயக்குகிற ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை வெப்பநிலை எத்தனை மணி நேரம் தாண்டியது, எவ்வளவு தாண்டியது என்பதைப் பொறுத்தே மீட்டர் ஓடுகிறது. எல்லைக்குக் கீழே 20 டிகிரியாக இருந்தாலும் 24 டிகிரியாக இருந்தாலும் குளிரூட்டலுக்கான மின்செலவு சுழிதான்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு நாள்களின் சராசரி வெப்பநிலை முறையே 24, 25, 25, 26, 27, 28, 27 டிகிரி. ஏசி இயக்கும் எல்லை 26 டிகிரி. கடைசி மூன்று நாள்கள்தாம் எல்லையைத் தாண்டுகின்றன. தாண்டிய அளவு 1, 2, 1 எனக் கூட்டினால் 4. இந்தக் கூட்டுத்தொகையைத்தான் துறையினர் குளிரூட்டல் டிகிரி-நாள் என்கிறார்கள். இப்போது ஒவ்வொரு நாளும் ஒன்றரை டிகிரி ஏறட்டும். வாரச் சராசரி 26இலிருந்து 27.5 ஆகிறது, பார்ப்பதற்கு அற்பமான மாற்றம். ஆனால் எல்லையைத் தாண்டும் நாள்கள் மூன்றிலிருந்து ஆறாகின்றன, டிகிரி-நாள் கணக்கு 4இலிருந்து 11 ஆகிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு!

இதே ஒன்றரை டிகிரி, ஏற்கெனவே எல்லா நாள்களும் 32 டிகிரியில் இருக்கும் இடத்தில் ஏறினால், கணக்கு 42இலிருந்து 52.5 ஆகும், அதாவது நான்கில் ஒரு பங்கு உயர்வு. விகிதத்தில் பெரிய தாவல் மிதமான தட்பவெப்பம் உள்ள இடங்களுக்கு, அளவில் பெரிய சுமை வெப்பமான இடங்களுக்கு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். விளக்கு, தொலைக்காட்சி போன்றவற்றின் செலவு இதனால் மாறுவதில்லை என்பதால், மொத்த மின்செலவும் மூன்று மடங்காகிவிடும் என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் பேசும் உலகச் சராசரியில் கடலும் அடக்கம். பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிடும்போது 2011–2020 பத்தாண்டின் உலகச் சராசரி உயர்வு சுமார் 1.1 டிகிரி, நிலப்பரப்பை மட்டும் தனியே எடுத்தால் அது சுமார் 1.6 டிகிரி. நாம் வீடு கட்டிக் குடியிருப்பது நிலத்தில்தானே.

கேள்வி: குளிர் நாடுகளில் வெப்பமூட்டுவதற்கான செலவு குறையுமே. அங்கே மிச்சமாவதும் வெப்ப நாடுகளில் கூடுவதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடாதா? – பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: ஆற்றல் என்று பொதுவாகப் பார்த்தால் ஓரளவு ஈடாகிறது, மின்சாரம் என்று பார்த்தால் அந்த அளவுக்கு ஈடாவதில்லை. குளிர் நாட்டு வீடுகளில் வெப்பமூட்டல் பெரும்பாலும் எரிவாயுவாலும் எண்ணெயாலும் நடக்கிறது. குளிரூட்டலோ எங்கும் ஏறக்குறைய முழுவதும் மின்சாரத்தால் நடக்கிறது. ஆகவே குளிர்காலம் இதமாகும்போது மிச்சமாவது எரிவாயு. கோடை கடுமையாகும்போது கூடுவது மின்சாரம்.

ஐசக், வான் வூரன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட உலகளாவிய மதிப்பீட்டில், பருவநிலை மாற்றத்தின் விளைவாக மட்டும் 2100ஆம் ஆண்டளவில் வெப்பமூட்டும் தேவை 30 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்றும், குளிரூட்டும் தேவை சுமார் 70 விழுக்காடு கூடும் என்றும் கண்டார்கள். ஐரோப்பாவை எடுத்து 2017இல் நடந்த ஓர் ஆய்வு, தெற்கிலும் மேற்கிலும் மின்நுகர்வு கூடும், வடக்கில் குறையும், கண்டத்தின் மொத்தத்தில் மாற்றம் மிகச் சிறிது என்று காட்டியது. மொத்தம் மாறவில்லை என்பதில் நிம்மதி கொள்ள இடமில்லை. வடக்கில் மிச்சமான மின்சாரம் தெற்கே போய்ச் சேர்வதற்கு அவ்வளவு கொள்ளளவுள்ள மின்பாதைகள் வேண்டும்.

மின்சாரத்தாலேயே வீட்டை வெப்பமூட்டும் நாடுகள் விதிவிலக்கு. பிரான்சில் அத்தகைய வீடுகள் மிகுதி என்பதால், குளிர்காலத்தில் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினாலே நாட்டின் மின்தேவை சுமார் 2,400 மெகாவாட் ஏறிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு பெரிய அணு உலைகளின் உற்பத்தி அது. எரிவாயு வெப்பமூட்டிகளை நீக்கிவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் என்ற மின்கருவிக்கு மாறும்போது மற்ற குளிர் நாடுகளும் இதே பாதையில் வரும். அதனால் உலகம் வெப்பமாகிக்கொண்டிருந்தாலும், குளிர்கால உச்ச மின்தேவை அங்கே குறையாமல் கூடவும் வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏசியை எப்போதும் 26 டிகிரியில்தான் வைக்கிறோம். அதே அறை, அதே நேரம். ஆனாலும் கடும் கோடையில் மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது. இயந்திரத்தில் பழுதா? – இல்லத்தரசி ஒருவர்

பதில்: பழுதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியே வெப்பம் ஏறும்போது மூன்று சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

முதலாவது, சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம். அது வெளி வெப்பநிலையைப் பொறுத்தது அன்று. வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. வெளியே 34 டிகிரி, உள்ளே 26 என்றால் இடைவெளி 8. வெளியே 38 ஆனால் இடைவெளி 12. வெளியில் ஏறியது நான்கே டிகிரி. சுவரும் கூரையும் கடத்தும் வெப்பமோ ஒன்றரை மடங்கு.

இரண்டாவது, ஏசியின் திறன். உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை வெளியே கொட்டுவதற்கு, வெளியில் உள்ள அதன் குழாய்ச்சுருள் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். உள்சுருள் 10 டிகிரி, வெளிச்சுருள் 46 டிகிரி என்றால் கம்ப்ரஸர் ஏற்ற வேண்டிய உயரம் 36 டிகிரி. வெளிச்சுருள் 50 டிகிரி ஆனால் உயரம் 40. வெப்பவியக்க விதிப்படி, ஒரு யூனிட் மின்சாரம் வெளியேற்றக்கூடிய வெப்பம் இந்த இரண்டாம் நிலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேலை கூடும் அதே நாளில்தான் இயந்திரத்தின் திறன் குறைகிறது. ஒன்றரை மடங்கு வேலையைப் பத்தில் ஒன்பது பங்குத் திறனோடு செய்தால், சுவர்வழி வெப்பத்துக்கான மின்செலவு மூன்றில் இரண்டு பங்கு கூடும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. அது காற்றில் உள்ள ஈரம். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை, அதிலுள்ள நீராவியையும் நீராக்கி வெளியேற்றுகிறது. அந்த நீர் சொட்டும் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். நீராவியை ஒரு லிட்டர் நீராக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 0.68 யூனிட்டுக்குச் சமம். நல்ல ஏசி அதைச் சுமார் 0.2 யூனிட் மின்சாரத்தில் செய்து முடிக்கும். ஆகவே வாளியில் ஐந்து லிட்டர் சேர்ந்திருந்தால், அறையைக் குளிர்வித்ததற்கான செலவு போக, உலர்த்தியதற்கு மட்டும் ஒரு யூனிட் போயிருக்கிறது என்று பொருள். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடும் மின்தேவைக் கணிப்புகள் கடலோர ஊர்களில் அடிக்கடி பொய்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகட்டியைத் துடைத்து, வெளி இயந்திரத்துக்குக் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கை அழைக்கலாம்.

கேள்வி: ஏசி இல்லாத வீட்டில் இதெல்லாம் பொருந்துமா? – ஏசி வாங்காத ஒருவர்

பதில்: குறைவாகப் பொருந்தும். உள்ளே 5 டிகிரியில் இருக்கும் ஃபிரிட்ஜ், 25 டிகிரி அறையில் 20 டிகிரி இடைவெளியையும், 35 டிகிரி அறையில் 30 டிகிரி இடைவெளியையும் சமாளிக்கிறது. கம்ப்ரஸர் ஓடும் நேரம் அதற்கேற்ப நீளும். ஃபேனின் வாட் அளவு மாறாது, ஓடும் மணி நேரம்தான் கூடும். ஹீட்டரில் மட்டும் சிறு லாபம்: 20 டிகிரி நீரை 40 டிகிரிக்குக் காய்ச்சுவதைவிட 22 டிகிரி நீரைக் காய்ச்சுவதற்குப் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் குறைவு. ஆனால் உண்மையான கேள்வி, நீங்கள் எவ்வளவு காலம் ஏசி வாங்காமல் இருப்பீர்கள் என்பதே. அடுத்த பதில் அதைப் பற்றியது.

கேள்வி: 2050இல் வீடுகளுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று இப்போதே எப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்? – பொறியியல் மாணவி ஒருவர்

பதில்: முதலில் கடந்த பல ஆண்டுகளின் மின்நுகர்வையும் வெப்பநிலையையும் நாள்வாரியாக, கிடைத்தால் மணிவாரியாக, அருகருகே வைக்கிறார்கள். வரைந்து பார்த்தால் பெரும்பாலும் ஆங்கில 'யு' எழுத்தின் வடிவம் வரும்: இடப்பக்கம் குளிருக்கான மின்செலவு, வலப்பக்கம் வெயிலுக்கான மின்செலவு, நடுவில் இதமான வெப்பநிலையில் பள்ளம். வலப்பக்கச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைக் கண்டுபிடித்து, பருவநிலை மாதிரிகள் தரும் எதிர்கால வெப்பநிலையை அதில் பொருத்தினால் ஒரு விடை வந்துவிடும்.

பல அறிக்கைகள் இத்துடன் நின்றுவிடுகின்றன. இந்த விடை முழுமையற்றது என்பது என் கருத்து. ஏனெனில் அது இன்றுள்ள ஏசிகள் நாளை கூடுதல் நேரம் ஓடுவதை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. நாளை புதிதாக வாங்கப்படும் ஏசிகள் அந்தச் சரிவையே மாற்றிவிடும். மெக்சிகோ நாட்டு வீடுகளின் தரவுகளைக் கொண்டு டேவிஸ், கெர்ட்லர் ஆகிய பொருளியலாளர்கள் 2015இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வெப்பமான பகுதிகளில் வருமானம் உயர உயர ஏசி வைத்திருக்கும் வீடுகளின் பங்கு வேகமாக ஏறுகிறது. சில பத்தாண்டுகளுக்குள் அங்கே ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஏசி இருக்கும் என்பது அவர்களுடைய கணிப்பு. குளிரான பகுதிகளில் வருமானம் உயர்ந்தாலும் ஏசி விற்பனை அப்படி ஏறவில்லை. வெயிலும் வருமானமும் சேரும் இடத்தில்தான் தாவல் நிகழ்கிறது.

பன்னாட்டு ஆற்றல் முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கையின் எண்கள் இதன் அளவைக் காட்டும். அப்போது உலகில் இருந்த ஏசிகள் சுமார் 160 கோடி. 2050இல் அது 560 கோடியாகும் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வீடுகளில் ஏசி இருக்க, உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடி மக்களில் 8 விழுக்காட்டினரிடம் மட்டுமே அது இருந்தது. குளிரூட்டலுக்கான மின்தேவை 2050க்குள் மூன்று மடங்காகும் என்றும், ஏசிகளின் திறனை மேம்படுத்தினால் அந்தத் தேவையை ஏறத்தாழ பாதியாகக் குறைக்க முடியும் என்றும் அதே அறிக்கை கூறியது. கணிப்பை நம்பலாமா என்று கேட்டீர்கள். வெப்பநிலையைப் பற்றிய பகுதியை ஓரளவு உறுதியாக நம்பலாம். மக்கள் எந்த ஆண்டில் எந்தத் தரத்து இயந்திரத்தை வாங்குவார்கள் என்ற பகுதியில்தான் பெரிய ஊசலாட்டம் இருக்கிறது. மூன்று மடங்குக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையிலான அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது வானிலையன்று, கடையில் விற்கும் இயந்திரத்தின் குறைந்தபட்சத் திறனுக்கு அரசு விதிக்கும் வரம்பு.

மாணவி என்பதால் இன்னும் இரண்டு குறிப்புகள். ஏசி முழுவேகத்தில் ஓடத் தொடங்கியபின் வெப்பநிலை எவ்வளவு ஏறினாலும் அதன் மின்செலவு ஓர் அளவுக்கு மேல் ஏறாது, அறைதான் சூடாகும். ஆகவே வலப்பக்கச் சரிவை நேர்கோடாக நீட்டிக்கொண்டே போவது பிழை. அடுத்து, வழக்கமான ஆண்டு எது என்பதற்குக் கடந்த 30 ஆண்டுச் சராசரியை எடுப்பது பழைய நடைமுறை. 1991–2020 சராசரியின் நடுப்புள்ளி 2005ஐ ஒட்டியது. அதை வைத்து 2035க்குத் திட்டமிடுபவர், தம்மை அறியாமலேயே முப்பது ஆண்டு பின்னால் நிற்கிறார்.

கேள்வி: ஆண்டு மொத்த மின்தேவை சிறிதளவே கூடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் கோடை மின்வெட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? – ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்

பதில்: ஆண்டு மொத்தம் உங்கள் துறைக்கு முக்கியம், மின்துறைக்கு முக்கியம் உச்ச நேரம். மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்துவைப்பது இன்றும் செலவு மிகுந்தது என்பதால், மின்நிலையமும் மின்பாதையும் டிரான்ஸ்ஃபார்மரும் ஆண்டின் மிகக் கடுமையான சில மணி நேரங்களைத் தாங்கும் அளவுக்குக் கட்டப்பட வேண்டியிருக்கிறது. அமெரிக்க மின்தேவையை ஆராய்ந்து ஆஃப்ஹாமரும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: பருவநிலை மாற்றத்தால் சராசரி மின்தேவை கூடுவதைவிட, உச்சத் தேவையின் அளவும் அது நிகழும் நாள்களின் எண்ணிக்கையும் வேகமாகக் கூடும்.

காரணத்தை ஒரு தெருவில் பார்க்கலாம். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் 100 வீடுகள், வீட்டுக்கு 1.5 கிலோவாட் ஏசி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 150 கிலோவாட். சாதாரண இரவில் அப்படி நடப்பதில்லை. சிலர் ஃபேனோடு நிறுத்திக்கொள்வார்கள், சில கம்ப்ரஸர்கள் அறை குளிர்ந்து ஓய்ந்திருக்கும். பாதிச் சுமைதான் விழும், அதை நம்பித்தான் டிரான்ஸ்ஃபார்மரின் அளவும் முடிவு செய்யப்படுகிறது. வெப்ப அலை வீசும் இரவில் அந்த ஓய்வு காணாமல் போகிறது. எல்லா வீட்டிலும் எல்லா கம்ப்ரஸரும் இடைவிடாமல் ஓடும். இரவில் குளிர்ந்து இளைப்பாற வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர், சுற்றியுள்ள காற்றே சூடாக இருப்பதால் குளிர முடிவதில்லை. அதனுள் இருக்கும் காப்புக் காகிதத்தின் வெப்பநிலை 6 டிகிரி கூடும்போதெல்லாம் அது சிதையும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. ஒரு வாரக் கடும் வெயில், மாதக்கணக்கான ஆயுளைத் தின்றுவிடும்.

வழங்கும் பக்கத்திலும் அதே நாளில்தான் சரிவு ஏற்படுகிறது. மின்கம்பி சூடானால் அது தாங்கும் மின்னோட்டம் குறைகிறது. சூரியத் தகடு 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை குறைகிறது. இது சிறு இழப்பு. நேரப் பொருத்தமின்மைதான் பெரிய சிக்கல். பகல் முழுவதும் செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் ஏறிய வெப்பம் சில மணி நேரம் தாமதித்து, சூரியன் மறைந்து தகடுகள் அடங்கிய பிறகே படுக்கையறைக்குள் இறங்குகிறது. சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் பிற்பகலிலேயே அறையைச் சற்றுக் கூடுதலாகக் குளிர்வித்துவைப்பதும், பேட்டரியில் சேமிப்பதும் இதற்காகத்தான் பேசப்படுகின்றன. முன்னது, காற்றுக்கசிவு குறைந்த வீட்டில் மட்டுமே பலிக்கும்.

கேள்வி: ஏசிகளே ஊரைச் சூடாக்குகின்றன என்பது உண்மையா? அப்படியானால் புதிதாக வீடு கட்டும் நான் என்னதான் செய்வது? – வீடு கட்டத் தொடங்கியிருக்கும் ஒருவர்

பதில்: உண்மைதான். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தான் உண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கி ஏசி தெருவில் கொட்டுகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரைப் பற்றி 2014இல் வெளியான மாதிரி ஆய்வு, இதனால் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை 1 டிகிரிக்கு மேல் கூடுவதாகக் கணக்கிட்டது. ஏசியிலிருந்து கசியும் குளிர்பொருள் வாயு தனிக் கதை: ஆர்-410ஏ என்ற வகை ஒரு கிலோ கசிந்தால் அது நூறாண்டுக் கணக்கில் சுமார் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஆர்-32 என்றால் 675. இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குத் திருத்தம் ஏற்பட்டது.

கட்டும்போது செய்யக்கூடியதைக் குடிபுகுந்தபின் செய்வது கடினம். வெயிலைச் சன்னலுக்கு வெளியே தடுங்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை உள்ளே திரை போட்டு மறைத்தால், திரை சூடாகி அந்த வெப்பம் அறையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் சன்னலுக்கு மேல் நீட்டிய கூரைவிளிம்பும், மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத் தடுப்பும் எந்தத் திரைச்சீலையையும்விடப் பயன் தரும். மேல்தளத்துக்கு வெண்ணிறப் பூச்சும் அதன்கீழ் வெப்பக்காப்பும் அடுத்த முன்னுரிமை.

ஏசியை முழுதாகத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை. முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் வெப்ப அலை உயிருக்கே ஆபத்தானது. ஆனால் 24 டிகிரிக்குப் பதில் 27இல் வைத்து, கூடவே ஃபேனைப் போடுங்கள். வெளியே 36 டிகிரி இருக்கும்போது இடைவெளி 12இலிருந்து 9ஆகக் குறைகிறது. சுவர்வழி வெப்பத்தில் கால் பங்கு மிச்சம். அதற்கு ஃபேன் எடுப்பது பழைய வகையானால் 75 வாட், மின்சிக்கனமான பிஎல்டிசி மோட்டார் வகையானால் 30 வாட் அளவு. வாங்கும்போது அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசியைத் தலையில் கட்டுவார்கள், ஏற்காதீர்கள். கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வசதி இல்லாத பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. பிசுபிசுப்பு தாங்காமல் நீங்கள் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பீர்கள்.